மத்தேயோ ரிச்சி

மத்தேயோ ரிச்சி (1552–1610) சீனத்தில் கத்தோலிக்க மறைப்பணிக்கு அடித்தளமிட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு. சீனர்கள் இவரை லி மாதோ என்று அழைத்தனர். இவர் இறந்து நான்கு நூற்றாண்டுகள் கடந்த பின்னர், 2022 டிசம்பர் 17 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தார். இந்தத் தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் இவர் வகுத்த மறைப்பணி முறையே.

மாச்செராத்தா நகரில் மருந்துக் கடை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் படிப்பதற்காகத் தந்தை இவரை ரோமுக்கு அனுப்பினார். ரிச்சியோ 1571-இல் இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். ரோமன் கல்லூரியில் கணித அறிஞர் கிளாவியுஸிடம் பெற்ற கல்வி பிற்காலத்தில் பெரிதும் கைகொடுத்தது. 1578-இல் கோவா வந்தார். 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். இந்திய மாணவர்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பிக்கத் தேவையில்லை என்று கோவாவில் சிலர் கருதியபோது, அதை எதிர்த்துச் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மற்றவர்களின் அறிவை மதிக்கும் குணம் சீனம் செல்லும் முன்பே இவரிடம் இருந்தது.

1582-இல் மக்காவ் சென்று சீன மொழி கற்றார். மறு ஆண்டு சக இயேசு சபைக் குரு மிக்கேலே ருஜ்ஜியேரியுடன் சாவோசிங் நகரில் குடியேறினார். தொடக்கத்தில் இருவரும் தலையை மழித்துப் புத்த பிக்குகளின் உடையை அணிந்தனர். கற்றோரும் அதிகாரிகளும் பிக்குகளை உயர்வாக மதிக்கவில்லை என்பது புரிய ஆண்டுகள் பிடித்தன. 1595-இல் ரிச்சி தாடி வளர்த்து, கன்பூசிய அறிஞர்களின் பட்டு அங்கிக்கு மாறினார். அதே ஆண்டில் நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார். மதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நட்பைப் பற்றிப் பேசியதில் இவரது வழிமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவரது வீட்டுக்கு வந்தவர்களைக் கவர்ந்தவற்றுள் ஒன்று சுவரில் தொங்கிய உலக வரைபடம். 1602-இல் லி சீசாவ் என்ற அறிஞரின் துணையுடன் அதை விரிவாக்கி ஆறு பெரும் தாள்களில் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டங்கள் வலப்புறம் அமைந்ததால் சீனம் ஏறத்தாழ நடுவில் வந்தது. உலகம் எவ்வளவு பெரியது என்பதைச் சீன வாசகர் தமக்குப் பழக்கமான இடத்திலிருந்தே காண முடிந்தது.

1601 ஜனவரியில் பெய்ஜிங் சென்றார். வான்லி பேரரசருக்கு அளித்த பரிசுகளில் தானாக மணியடிக்கும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றுக்குச் சாவி கொடுக்க அரண்மனை ஊழியர்களுக்கு ரிச்சியும் தோழர்களும் கற்றுக்கொடுத்தனர். கடிகாரம் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே அந்நியர்களைத் தலைநகரில் தங்கவிட வேண்டியதாயிற்று. ஆனால் ரிச்சி பேரரசரை நேரில் பார்த்ததே இல்லை. வெற்று அரியணைக்கே வணக்கம் செலுத்தினார். 1607-இல் ஷூ குவாங்-சி என்ற அறிஞருடன் சேர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்தார். அதில் அமைந்த கலைச்சொற்கள் பல இன்றும் சீனப் பள்ளிகளில் வழங்குகின்றன.

முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் சீனர் செய்யும் வணக்கம் மரியாதையே, சிலை வழிபாடு அன்று என்பது ரிச்சியின் முடிவு. கிறிஸ்தவராகும் ஒருவர் தாய் தந்தையரின் நினைவைத் துறக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல: 1606-இல் மதுரை வந்த இயேசு சபைக் குரு தே நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை முன்னிட்டு இதையே வாதிட்டார்.

1610 மே 11 அன்று ரிச்சி பெய்ஜிங்கில் இறந்தார். அந்நாட்டில் இறக்கும் மறைப்பணியாளர்களை மக்காவில் அடக்குவதே வழக்கமாக இருந்தும், தலைநகரில் கல்லறைக்கு இடம் தரப் பேரரசர் இசைந்தார். ஆனால் இவர் வகுத்த வழி விரைவில் சர்ச்சைக்குள்ளாயிற்று. பின்னர் வந்த வேறு சபைத் துறவிகள் பலர் முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செய்யும் வணக்கச் சடங்குகளை ஏற்கவில்லை. 1704-இலும் 1715-இலும் ரோம் அவற்றைத் தடைசெய்தது. சினமுற்ற காங்சி பேரரசர் மறைப்பணிக்குத் தடை விதித்தார். 1742-இல் ரோமின் தடை இறுதியாக உறுதிசெய்யப்பட்டது. 1939-இல்தான் அது தளர்ந்தது. திருச்சபையே தவறென்று தீர்த்த வழியைத் திறந்தவருக்குப் புனிதர் பட்டம் கேட்பது அதற்கு முன் எளிதாக இருந்திருக்காது.

மாச்செராத்தா மறைமாவட்டத்தில் 2010-இல் மீண்டும் தொடங்கிய விசாரணை 2013-இல் முடிந்து, ஆவணங்கள் ரோமுக்குச் சென்றன. ரிச்சி வீரத்துவமாக வாழ்ந்த நற்பண்புகளை 2022-ஆம் ஆண்டின் அறிவிப்பு ஏற்றுக்கொண்டது. 1693-இல் ஓரியூரில் தலைவெட்டுண்டு இறந்த அருளானந்தரைப் போல இரத்தம் சிந்தியவருக்கு மறைசாட்சியம் ஒன்றே அருளாளர் பட்டத்துக்குப் போதும் என்பது இன்றைய நடைமுறை. ரிச்சி நோயுற்று இறந்தவர். எனவே அருளாளராவதற்கு இவரது பரிந்துரையால் நிகழ்ந்த ஒரு புதுமையும், புனிதராவதற்கு மற்றொன்றும் உறுதிசெய்யப்பட வேண்டும். 1900-ஆம் ஆண்டின் பாக்சர் கலகத்தில் சிதைக்கப்பட்டு, கலாசாரப் புரட்சியின்போது மண்ணில் புதைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் நிறுவப்பட்ட இவரது கல்லறைக் கல், இன்று பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலர்களுக்கான பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.