பசிக்குப் படம் போடுறது

எட்டு வயசுப் பிள்ளைகளுக்குப் பசியைப் பத்தி ஒரு படப்புத்தகம் போடணும்னு, மேற்குத் தாம்பரத்தில் நாங்க நடத்துகிற மாலைப் பள்ளியில் முடிவெடுத்தோம். எழுத்து ரெண்டு நாளில் முடிஞ்சுபோச்சு. படம்தான் சிக்கல். ‘பசின்னா என்ன, வரைஞ்சு காட்டுங்க’ன்னு பிள்ளைகள்கிட்டயே தாளைக் கொடுத்தோம். ஒரு பையன் குண்டானைக் கவுத்து வச்சு வரைஞ்சான். ஒரு பொண்ணு கேஸ் அடுப்பு மேலே பூனை தூங்குறதைப் போட்டிருந்தது. ‘அடுப்புல பூனை தூங்குது’ன்னு அவ ஆயா சொல்வாங்களாம். அத்தனை தாளில் ஒண்ணில்கூட எலும்பும் தோலுமான பிள்ளை இல்லை. பெரியவங்க எங்களுக்கு முதலில் தோணின படமே அதுதான். அந்தப் படம் எங்கிருந்து எங்க தலைக்குள்ள வந்து உட்கார்ந்துச்சு?

தேடிப் போனால் அது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் போய் நிற்கிறது. சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ஹூப்பர், பஞ்சத்தில் அடிபட்ட சனங்களைக் கூட்டங்கூட்டமாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். உட்கார்ந்திருப்பவர்கள் பேர் என்ன, எந்தச் சேரி, எதுவும் கிடையாது. படத்துக்குத் தேவைப்பட்டது உடம்பு மட்டும்தான். அதே பஞ்சத்தில், 1877இல், ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆம்பளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அது உயிர் தரிக்கவே பத்தாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை பிடித்தார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய் அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டினதுதான். இன்றைக்குப் பறக்கும் ரயிலின் தூண்கள் அதில்தான் இறங்கி நிற்கின்றன.

மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். மழை எல்லாருக்கும்தானே பொய்த்தது? சேரிக்காரன் மட்டும் ஏன் முதலில் விழுந்தான்? இதற்கு ஒரு வெள்ளைக்கார கலெக்டரே 1891இல் பதில் எழுதி வைத்திருக்கிறார். தாம்பரம், பல்லாவரம் எல்லாம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். உழுகிறவனுக்கு நிலமில்லை, குடிசை நிற்கிற மனையே மிராசுதாரன் கையில், தரிசைக் கேட்டால்கூட மறிக்கிறார்கள். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை இதிலிருந்து வந்தது. அந்த நிலம் பெரும்பாலும் யார் கைக்குப் போனது என்பது நமக்குத் தெரியும். கேட்கப் போனதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பசிப் புத்தகத்தில் நிலத்துக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நான் அடம்பிடித்தது இதனால்தான். ‘சின்னப் புள்ளைங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்’ என்றார் ஒரு தோழர். குண்டான் கவுந்து கிடக்கிறது சின்னப் புள்ளைக்குத் தெரியும்போது, அதை யார் கவுத்தான்னு தெரியக்கூடாதா?

அடுத்தது பள்ளிக்கூடம். 1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசரும் அவரும் சேர்ந்து இயங்கிய காலம் பின்னாடி வந்தது. ஆனால் அதே தியசாபிகல் சபையின் அன்னி பெசன்ட் 1909இல் என்ன எழுதினார்? பஞ்சமப் பிள்ளைகளின் உடம்பு, தலைமுறையாகச் சாப்பிட்ட சாப்பாட்டாலும் குடியாலும் நாறுகிறது, இன்னும் சில தலைமுறை சுத்தமாகச் சாப்பிட்ட பிறகே மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்கலாம் என்ற பொருளில் எழுதினார். அம்பேத்கர் இதை 1945இல் எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். பசித்த பிள்ளையிடம் போய் ‘நீ தின்னது நாறுது’ என்கிறது எப்பேர்ப்பட்ட கருணை! ஆல்காட் பேரிலான பள்ளி இன்றைக்கு இருப்பது பெசன்ட் நகரில்.

1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்போகாமல் டிபன் போடத் தீர்மானித்தது. இன்னும் சில பள்ளிகளுக்கும் போயிற்று. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாதென்று அரசு மறுக்க, 1925இல் நின்றுபோனது. 1956 காமராசர், 1982 எம்.ஜி.ஆர்., 2022 காலைச் சிற்றுண்டி: இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தட்டு வந்தது, முட்டையும் வந்தது. நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அந்த வரிசையில் தட்டோடு நின்றவன்தான். ஆனால் 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், சமைக்க வந்தவர் தலித் பெண் என்றதும் ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பின பிறகே அந்த மாற்றம் ரத்தானது.

படத்தால் அரசாங்கத்துக்குப் பயம் வரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிப்பூருக்குப் போய்ச் சித்தப்பிரசாத் வரைந்த ‘பசித்த வங்கம்’ புத்தகத்தைப் பிரிட்டிஷ்காரன் பறித்து அழித்தான். அதை எங்க வரைகிற தம்பியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இது பெரியவங்களுக்கு. நம்ம புள்ளைங்க இதுல தன்னைப் பாத்தா கூச்சப்படும்’ என்றான். சரிதான். ஹூப்பர் படத்துக்கும் இதுக்கும் நடுவில் எத்தனையோ தூரம், ஆனாலும் எங்க பிள்ளை அதில் நிற்க வேண்டாம்.

இப்போதைக்குப் பதினாறு பக்கம். எலும்பு எங்கேயும் இல்லை. கவுந்த குண்டான், கேஸ் அடுப்புப் பூனை, கால்வாய், ஒரு அணா, தட்டு. சமைக்கிற அம்மாவுக்கு ரெண்டு பக்கம் முழுசாக. நிலத்துக்கான பக்கத்தில் என்ன வரைவதென்று இன்னும் தெரியவில்லை. பூனை வரைந்த பொண்ணு, ‘வெறும் பச்சையா அடிச்சுட்டு நடுவுல வேலி போடுங்க’ங்குது.