இனச்சுழற்சிப் பதிவேடு: பல்கலைக்கழகப் பணி அறிவிக்கைகளை வாசிக்கும் முறை

தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை நிரப்ப ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு குறித்த நாளில் தேர்வு நடைபெறவில்லை. 2024 ஜூனில் நடக்கவிருந்த மாநிலத் தகுதித் தேர்வும் (செட்) தள்ளிப்போய், 2025 மார்ச்சில்தான் நடந்தது. 2025 அக்டோபரில் புதிய அறிவிக்கை வந்தபோது பணியிடங்களின் எண்ணிக்கை 2,708. இந்த ஒன்றரை ஆண்டில் பலர் கௌரவ விரிவுரையாளர்களாகக் காத்திருந்தனர். பலர் வேறு வேலைக்குப் போய்விட்டனர். காத்திருக்கும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி நெய்யும் வீட்டிலிருந்தோ, வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டங்களின் சேரிகளிலிருந்தோ முதுகலை முடித்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒன்றரை ஆண்டு என்பது தங்கையின் கல்விக் கட்டணம், தந்தையின் முன்பணக் கடன்.

இத்தகைய அறிவிக்கை வரும்போது நம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது கடைசித் தேதியையும் கல்வித் தகுதியையும்தான். அது இயல்பு. ஆனால் அட்டவணையில் 'ஆதிதிராவிடர்' என்ற பத்தியின் கீழ் அச்சிடப்பட்டுள்ள எண் எப்படி வந்தது என்பதைப் பார்ப்பவர் குறைவு. அந்த எண் அறிவிக்கையில் பிறப்பதில்லை. அதற்கு முன்பே, நிறுவனத்தின் அலுவலகத்தில் உள்ள இனச்சுழற்சிப் பதிவேட்டில் முடிவாகிவிடுகிறது. விண்ணப்பதாரர் கண்ணில் படாத அந்தப் பதிவேட்டைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

200 புள்ளிகளின் கணக்கு

தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. பட்டியல் சாதியினரின் 18இல் 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. விழுக்காட்டைப் பணியிடமாக மாற்றும் கருவி 200 புள்ளிச் சுழற்சி. 200 நியமனங்களில் பொதுப்பிரிவுக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 40, ஆதிதிராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2. ஒவ்வொரு புள்ளியும் யாருக்குரியது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சென்ற நியமனம் எந்தப் புள்ளியில் நின்றதோ, இம்முறை அடுத்த புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும்.

விதி எளிது. அதைக் கெடுப்பதும் எளிது. சென்ற முறை நின்ற இடத்தை மறந்து ஒவ்வொரு முறையும் முதற் புள்ளியிலிருந்து தொடங்கினால், பட்டியலில் பின்னால் வரும் புள்ளிகளுக்கு என்றுமே முறை வராது. பழைய பதிவேடு 'கிடைக்கவில்லை' என்று சொல்லிப் புதியது திறந்தாலும் விளைவு அதுவே. யாரும் யாரையும் சாதி சொல்லி மறுக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் காணாமற்போனால் போதும்.

எதை அலகாகக் கொள்வது?

பதிவேட்டின் அலகு எது என்ற கேள்வி இதைவிட ஆழமானது. பல்கலைக்கழகம் முழுவதும் ஓர் அலகா, அல்லது ஒவ்வொரு துறையும் தனித்தனி அலகா? இந்த ஒற்றைக் கேள்வி 2017 முதல் 2019 வரை நாட்டையே உலுக்கியது. துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மார்ச் 5 அன்று சுற்றறிக்கை விடுத்தது. சிறிய அலகுகளுக்குப் பயன்படும் '13 புள்ளி' முறை அதன் வழியே பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது.

ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. 100ஐ 27ஆல் வகுத்தால் 3.7, ஆகவே அவர்களுக்குரிய முதலிடம் நான்காவது பணியிடம். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, வகுத்தால் 6.67, ஏழாவது பணியிடம். பழங்குடியினருக்கு 7.5, வகுத்தால் 13.3, பதினான்காவது பணியிடம். இனி ஒரு கற்பனைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 20 துறைகள், துறைக்கு மூன்று உதவிப் பேராசிரியர்கள், ஆக 60 இடங்கள். பல்கலைக்கழகம் அலகாயின் பட்டியல் சாதியினருக்கு 9 இடங்கள், பழங்குடியினருக்கு 4, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 16. துறை அலகாயின் மூன்று பிரிவினருக்கும் சுழியம். எந்தத் துறையும் நான்காவது பணியிடத்தைத் தொடவில்லை அல்லவா? பேராசிரியர் நிலையில் நிலைமை இன்னும் மோசம். ஒரு துறையில் ஏழு பேராசிரியர் பணியிடங்கள் இருப்பதே அரிது.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் மேல்முறையீட்டையும் பிப்ரவரியில் சீராய்வு மனுவையும் தள்ளுபடி செய்தது. மார்ச் 5 அன்று நாடெங்கும் முழுஅடைப்புப் போராட்டம் நடந்தது. இரண்டே நாளில், மார்ச் 7 அன்று, அவசரச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அதை மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியிட இடஒதுக்கீடு) சட்டமாக நிறைவேற்றியது. நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்பது இன்று சட்டம். நீதிமன்றத்தில் இழந்ததைத் தெருவில் மீட்ட அரிய நிகழ்வு அது.

ஆனால் இச்சட்டம் ஒன்றிய அரசின் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. அதிலும் 'உயர் சிறப்பு நிறுவனங்கள்' என்று பட்டியலிடப்பட்ட சிலவற்றுக்கும் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிக்கைகளைப் படிக்கும்போது 'அலகு எது?' என்ற கேள்வியைத் தனியே கேட்டாக வேண்டும். துறைக்கு ஒரே பணியிடம் என்று பிரித்து அறிவிக்கை வெளியானால், அந்த ஒரு பணியிடம் எந்தப் பதிவேட்டின் எத்தனையாவது புள்ளி என்று கேட்பதற்கு ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் நியாயம் உண்டு.

காஞ்சிபுரத்தின் கல்லூரி வரைபடம்

இங்குள்ள பட்டதாரிக்கு வேலை தரக்கூடிய நிறுவனங்கள் மூன்று வகை. முதலாவது, அரசுக் கல்லூரிகள். நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழி. இரண்டாவது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ள பச்சையப்பன் கல்லூரிகளைப் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகள்; ஊதியம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்தினுடையது. சிறுபான்மையல்லாத உதவிபெறும் கல்லூரிகள் இனச்சுழற்சியைப் பின்பற்றியாக வேண்டும். மூன்றாவது, ஸ்ரீபெரும்புதூர் வரை வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிகளைப் பற்றியது. மாணவர் சேர்க்கையில் தனியார் நிறுவனங்களையும் எட்டும் 15(5) பிரிவு ஆசிரியர் நியமனத்தைத் தொடுவதில்லை. எண்ணிக்கையில் பெருகிக்கொண்டிருப்பது இந்த மூன்றாம் வகைதான் என்பதை மறந்துவிட்டு 69 விழுக்காட்டைப் பற்றி மட்டும் பெருமை பேசுவதில் பொருளில்லை.

உதவி பெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பாடப்பிரிவுகள் மாலை நேரத்தில் இயங்குகின்றன. ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை. காலையில் நிற்பவருக்கு அரசு ஊதியம், மாலையில் நிற்பவருக்கு நிர்வாகம் தருவது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பெற்றுவந்த தொகை அதில் பாதிதான், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்கள்.

'தகுதியானவர் எவருமில்லை'

பதிவேடு சரியாக இருந்து, புள்ளியும் நமக்கே வந்த பின்னரும் ஒரு வாயில் அடைபடுவதுண்டு. நேர்காணல் முடிந்ததும் ஒதுக்கீட்டு இடத்துக்கு நேராக 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதுவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடும் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு), நெட் அல்லது செட் தேர்ச்சியும் போதும். 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. இவ்வளவும் உடையவர்கள் விண்ணப்பித்து நேர்காணலுக்கும் வந்த பிறகு, எவரும் தகுதியற்றவர் என்று எழுதுவோர் காரணத்தையும் எழுத வேண்டாமா?

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரிய உறுப்பினராவதற்கான தகுதிகளைச் சொல்கிறது: வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, மந்திர பிராமணத்தில் புலமை. அதை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். அந்தத் தகுதிப் பட்டியல் எவரையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்று அம்மேடைகளில் எவரும் கேட்பதில்லை.

நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடம் பொதுப்பிரிவுக்குப் போய்விடாது. அது பின்னடைவுப் பணியிடமாகத் தொடரும். 2000ஆம் ஆண்டின் 81ஆவது அரசமைப்புத் திருத்தம் அத்தகைய இடங்களைத் தனிவகையாக வைத்து, அவ்வாண்டின் 50 விழுக்காட்டு உச்சவரம்புக் கணக்கில் சேர்க்காமல் நிரப்ப வழிசெய்தது. 2023 டிசம்பர் இறுதியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், நிரப்ப முடியாத இடங்களின் ஒதுக்கீட்டை நீக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. எதிர்ப்பு எழுந்தவுடன், எந்த இடத்தின் ஒதுக்கீடும் நீக்கப்படாது என்று 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வித் துறை அறிவித்தது. அந்த வரைவை யாரும் படித்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு

பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கான தேசிய உதவித்தொகை 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரால் தொடங்கியது. முதலில் முதுகலை மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் நெட் தேர்வோடு பிணைத்தார்கள். மொத்தம் ஐந்தாண்டுகள், 2023 ஜனவரி முதல் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். நிர்வாகம் இப்போது மானியக் குழுவிடம் இல்லை. தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்திடம் உள்ளது. பணம் ஆய்வாளரின் கணக்குக்கு நேரே வருகிறது என்றாலும், அவர் ஆய்வைத் தொடர்கிறார் என்று பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அலுவலர் இணையத்தில் உறுதிசெய்தாக வேண்டும். தொகை தாமதமானால் தில்லியைக் குறை சொல்வதற்கு முன் தங்கள் அலுவலகத்தில் அந்தப் பதிவு முடிந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு இடத்திலும் தாமதம் உண்டு. ஆனால் நாம் நேரில் போய் நிற்கக்கூடியது ஓரிடத்தில்தான்.

மாநில அரசும் முழுநேர முனைவர் பட்ட மாணவர்களான ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வழங்குகிறது. இதில் மூன்றாவதாகச் சொன்னோரைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. ஆகவே தேசிய உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியின் தலித் கிறித்தவ ஆய்வாளருக்கு மாநிலத் திட்டமே பெரிய ஆதரவு.

வெளிநாட்டுப் படிப்புக்கான ஒன்றிய அரசின் தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை இல்லை என்று விதி மாற்றப்பட்டது. சாதியைப் பற்றி ஆராய விரும்பும் தலித் மாணவர், தலித்துகளுக்கான உதவித்தொகையைப் பெற முடியாது! தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இப்பாடங்களில் ஆர்வமுடையோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பதிவேட்டைக் கேட்டுப் பெறுதல்

இனச்சுழற்சிப் பதிவேடு இரகசிய ஆவணமன்று. அறிவிக்கை வெளியானவுடனேயே தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தோடு, நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. 'இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். கேட்க வேண்டியவை வேறு: சென்ற நியமனம் முடிந்த புள்ளி எண், இந்த அறிவிக்கையின் ஒவ்வொரு பணியிடத்துக்குமான புள்ளி எண், பதிவேட்டின் அலகு, கடந்த பத்தாண்டுகளின் பின்னடைவுப் பணியிடங்கள், பதிவேட்டின் சான்றிட்ட நகல். 30 நாளில் பதில் வராவிடினும் நிறைவில்லாவிடினும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குள் பதில் வந்துவிடாது. ஆகவே பணிக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் அஞ்சலில் சேரட்டும்.

பணிக்கு விண்ணப்பித்தவரே கேள்வியும் கேட்டால் நேர்காணலில் பழிவாங்குவார்கள் என்ற அச்சம் நியாயமானது. சட்டப்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம் என்பதால், ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரோ, சங்கத்துக்காரரோ, அந்தப் பணிக்குப் போட்டியிடாத நண்பரோ தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். நகல் கைக்கு வந்து, புள்ளிகள் தவறியிருப்பது தெரிந்தால், அதை இணைத்து மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கோ, அரசமைப்பின் 338ஆம் பிரிவின்படி அமைந்த தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கோ அனுப்பலாம். பதிவேட்டின் பக்க எண்ணையும் புள்ளி எண்ணையும் குறிப்பிட்டு எழுதும் முறையீட்டை ஒரு வரிப் பதிலால் முடித்துவைப்பது அலுவலகத்துக்குக் கடினம்.