படுக்கைக் கணக்கும் பணிக் கணக்கும்

ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில், ஒரே மருத்துவரின் ஆணைப்படி மருந்தும் ஊசியும் கொடுத்து, ஒரே பதிவேட்டில் கையொப்பமிடுகின்ற இரு செவிலியருள் ஒருவர் காலமுறை ஊதியமும் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் பெற, மற்றவர் தொகுப்பூதியம் என்னும் ஒற்றைத் தொகையோடு வீடு திரும்புவது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விதிவிலக்கன்று. நிர்வாக சம்பிரதாயமாகவே அது வேரூன்றிவிட்டது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் எழுத்துத் தேர்வு நடத்தித் தேர்ந்த செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாய் விதிக்கப்பட்டது. ஈராண்டில் காலமுறை ஊதியம் கிட்டும் என்ற நம்பிக்கை பலர்க்குப் பொய்க்கவே, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்ககங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு அமர்ந்தனர். பின்னர் அத்தொகை 14,000 ஆயிற்று, 18,000 ஆயிற்று. பேதத்தின் அடிப்படை மட்டும் அசையவில்லை.

அனுபவத்திற்கேற்பச் சம்பளம் வேறுபடுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. இருபதாண்டு பழகிய கைக்கும் நேற்று வந்த கைக்கும் தாரதம்மியம் உண்டு. ஆனால் இங்கே பேதம் பிறப்பது அனுபவத்திலன்று, நியமன உத்தரவின் வாசகத்தில். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் கோட்பாடு தற்காலிகப் பணியாளர்க்கும் பொருந்தும் என்றும், நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் தொடக்கத் தொகையையேனும் அவர்கள் பெற உரியவர்கள் என்றும், பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 2016 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் போற்றுவோர் அதிலேயே உள்ள மற்றொரு விதியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை: வேலை சமமானதே என்று நிரூபிக்கும் பாரம் கோருபவரையே சாரும். பணிப்பட்டியலும் வார்டுப் பதிவேடும் நிர்வாகத்தின் அலமாரியில் இருக்க, அவற்றின் சாட்சியத்தைச் செவிலியர் கொண்டுவர வேண்டுமென்பது, பத்திரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நிலத்துக்கு ஆதாரம் கேட்பது போன்றது. ஒரே வார்டின் பணிப்பட்டியலில் இரு பெயர்களும் மாறிமாறி வருமாயின் வேலை சமமென்றே முதலில் கொள்ளவேண்டும். இல்லையென மறுக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கே உரியது என்பது என் வாதம்.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட, மத்திய அரசு அமைத்த குழு படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாக்கியது: 200-க்கு மேற்பட்ட படுக்கை உள்ள இடத்தில் அரசுச் செவிலியர்க்கு இணையான ஊதியம்; 100-க்கு மேலாயின் 10 விழுக்காட்டுக்கு மேற்படாத குறைவு; 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மேற்படாத குறைவு; 50-க்குக் கீழே குறைந்தது 20,000 ரூபாய். எண்ணுதற்கு எளிதான அளவுகோல்தான், ஐயமில்லை. எனினும் படுக்கையின் தொகை முதலாளியின் வசதியைக் காட்டுமேயன்றி, செவிலியரின் உழைப்பைக் காட்டாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூவர்க்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் மன்றம் வகுத்த விகிதங்கள் வேலையின் சுமையை அளக்க முயல்கின்றன; ஊதியத்தை நிர்ணயிப்போரோ அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விளைவு யாதெனின், நாற்பது படுக்கை மருத்துவமனையொன்றில் சுவாசக் கருவியில் கிடப்பவரை இரவு முழுதும் தனியே காப்பவர், பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இருப்பவரைவிடக் குறைவாகப் பெறுவது முறையாகவே ஆகிவிடுகிறது.

குழுவின் பரிந்துரை பரிந்துரையளவிலேயே நின்றது, சட்டபலம் அதற்கில்லை. கேரளம் 2018-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை வெளியிட்டு, 20,000 ரூபாயை அடித்தளமாக்கியது. தொழிலாளர் துறை தலையிட இடம் தருவதால் அதுவே மேலான மார்க்கம். ஆயினும் அங்கும் ஊதியப் படிகள் படுக்கைகளின் எண்ணிக்கையோடுதான் உயர்கின்றன. நோயாளியின் நிலைமையும் பணிப்பட்டியலும் அந்தக் கணக்கில் இன்னும் இடம்பெறவில்லை.