முகவரி இல்லாத பிள்ளைகள்

1885-ஆம் ஆண்டு வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் சொல்லிவைத்துச் சக்கரம் பூட்டிய வீடொன்றைச் செய்துகொண்டார். மகாகனி மரத்தில் இழைத்த வீடு; இழுக்க இரண்டு குதிரைகள்; ஓட்ட ஒரு வண்டிக்காரர்; முன்னே மூன்று சக்கர மிதிவண்டியில் போய் வழி பார்க்க ஒரு பணியாள். இந்தப் பரிவாரத்தோடு இங்கிலாந்தைக் கடந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். பயணக் கதை அடுத்த ஆண்டே புத்தகமாக வந்தது, ஊரே ரசித்தது. அதே பத்தாண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ‘நகரும் குடியிருப்புகள் மசோதா’ என்ற ஒன்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தது. சக்கர வீடுகளில் வாழ்வோர் எல்லாரும் தங்கள் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்றது அது. மருத்துவரின் சக்கர வீட்டைப் பற்றி அப்போது யாருக்கும் கவலை இல்லை. அவருக்குத் திரும்பிப் போக வேறொரு வீடு இருந்தது. நகரும் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லி பிரிட்டன் கொண்டுவந்த சட்டங்களை வரிசையாகப் படித்தால், அவை பிள்ளைகளின் படிப்பைவிடப் பெற்றோரின் முகவரியைத்தான் அதிகம் தேடின என்பது தெரியவரும். முகவரியை மறந்துவிட்டுப் படிப்பை மட்டும் கவனித்த இடங்களில்தான் அவை ஓரளவு பலித்தன.

கதை சாலையில் தொடங்கவில்லை, கால்வாயில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெட்டப்பட்ட ஆங்கிலேயக் கால்வாய்களில் நிலக்கரியும் இரும்பும் மண்பாண்டமும் சுமந்த குறும்படகுகள் 70 அடி நீளம், 7 அடி அகலம். ரயில் வந்து சரக்குக் கூலியை வீழ்த்தியதும், கரையில் வாடகை வீடு வைத்துக்கொள்ள முடியாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ரயிலுக்கு முன்பே சில குடும்பங்கள் படகில் வாழ்ந்தன என்பது உண்மை. ஆனால் அதை ஒரு வழக்கமாகவே ஆக்கியது கூலி வீழ்ச்சிதான். மனைவியும் பிள்ளைகளும் சம்பளமில்லாத வேலையாட்கள். ஆறேழு வயதுப் பிள்ளை குதிரையை நடத்திப் போகும். சற்றுப் பெரியது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுக் கதவுகளைத் தள்ளித் திறக்கும். குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கிய அறை சுமார் 10 அடி நீளம்தான் இருக்கும்.

இவர்களைப் பற்றி ஊரைக் கூட்டியவர் கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித். சிறுவயதில் செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர். பின்னாளில் சூளை மேலாளரானபோது அங்கே வேலை செய்த குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்து 1871-இல் ஒரு சட்டம் வரக் காரணமானவர். அதற்கு விலையாகத் தன் வேலையை இழந்தவர். அடுத்து அவர் கால்வாய்க்குத் திரும்பியதன் பலன் 1877-ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுகள் சட்டம். குடும்பம் வாழும் ஒவ்வொரு படகையும் ஏதேனும் ஓர் ஊரில் பதிய வேண்டும். அறைக்குள் 12 வயதுக்கு மேற்பட்ட ஆளுக்கு 60 கன அடி, குழந்தைக்கு 40 கன அடி காற்றிடம் வேண்டும் என்று விதிகள் வந்தன. இவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்விக்கு அந்தச் சட்டம் கண்டுபிடித்த வழிதான் விசித்திரம். படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஊரில் குழந்தை ‘வசிப்பதாகக் கொள்ளப்படும்’ என்றது அது. அதாவது, பர்மிங்காமில் பதிவான படகில் பிறந்து, லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் அலைந்துகொண்டிருக்கும் பிள்ளை, காகிதத்தில் பர்மிங்காம் பிள்ளை. வேறு ஊர்ப் பள்ளியில் சேரச் சான்றிதழ் வாங்க வழி இருந்தது; ஆனால் இரண்டு நாள் சரக்கு இறக்க நிற்கும் படகிலிருந்து வரும் பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளி தன் பிள்ளையாக நினைக்கும்? ஆய்வாளர்களின் கையை வலுப்படுத்த 1884-இல் இன்னொரு சட்டம் வந்தது. படகுகள் பதிவேட்டில் ஏறின. பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தறியாமலே வளர்ந்தார்கள்.

ஸ்மித்தைப் போன்ற சீர்திருத்தவாதிகள் மேல் பழி போடுவது நன்றிகெட்ட வேலை என்று யாரும் சொல்லலாம். அறைகளில் நெரிசல் இருந்தது, தொற்றுநோய் இருந்தது, தண்ணீரில் விழுந்து குழந்தைகள் செத்தார்கள். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்மித் மிகைப்படுத்தினார். கால்வாய்களில் ஒரு லட்சம் பேர் வாழ்வதாக எழுதினார், பதிவு தொடங்கிய பிறகு தெரிந்த எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. படகு வாழ்க்கை நகர வாழ்க்கையைவிடக் கேடானது என்ற அவருடைய அடிப்படை எண்ணமும் சோதனையில் நிற்கவில்லை. 1921-இல் நெவில் சேம்பர்லின் தலைமையிலான அரசுக் குழு (ஆம், பின்னாளில் பிரதமரான அவர்தான்) படகுக் குடும்பங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. உடல்நலம், சுத்தம், ஒழுக்கம், ஊட்டம், உடை எல்லாவற்றிலும் இவர்கள் அதே நிலையிலுள்ள நகரத்து ஏழைகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை, சிலவற்றில் மேல் என்றே அது சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டு, பள்ளிக்காலத்தில் பிள்ளைகள் படகில் வாழவே கூடாது என்று பரிந்துரைத்தது. சேரியில் வாழும் பிள்ளையைச் சேரியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று எந்தக் குழுவும் சொல்லவில்லை. சேரிக்கு முகவரி இருந்தது. பரிந்துரையைச் சட்டமாக்க 1929-இல் வந்த மசோதாவும் தோற்றது.

சாலையில் வாழ்ந்தவர்கள் இந்த வலையிலிருந்து தப்பியது வேறு வகையில். ஸ்மித் கால்வாயை முடித்துவிட்டு ஜிப்ஸிகள் பக்கமும் திருவிழாக் கடைக்காரர்கள் பக்கமும் திரும்பியபோது, ராட்டினமும் வேடிக்கைக் காட்சியும் நடத்திய குடும்பங்கள் 1889-இல் வண்டிவாசிகள் சங்கம் ஒன்றைக் கட்டி, முதலில் சொன்ன நகரும் குடியிருப்புகள் மசோதாவை முறியடித்தன. இன்று பிரிட்டனில் இருக்கும் ஷோமென் கில்டு அதன் வாரிசு. ஜிப்ஸிகளுக்கு அப்படியொரு சங்கமோ செல்வாக்கோ இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த இழுபறிக்குப் பிறகு வந்த 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் ஒரு சிறிய விதிவிலக்கு நுழைந்தது. இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான வரி அதுதான் என்பேன். தொழிலுக்காக ஊர் ஊராகப் போகிறவரின் பிள்ளை அக்டோபர் முதல் மார்ச் வரை 200 வருகை காட்டிவிட்டால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெற்றோர் மேல் நடவடிக்கை இல்லை. ஒரு வருகை என்பது அரைநாள். திருவிழாக்காரர்கள் குளிர்காலத்தில் ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பார்கள், கோடையில் அலைவார்கள். அந்தத் தொழிலின் காலண்டரைப் பார்த்து எழுதிய விதி அது. அந்த 200 என்ற எண் 1944 கல்விச் சட்டத்திலும் 1996 சட்டத்திலும் தொடர்ந்தது.

இதே பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்ற நாட்டில் இந்த அளவுக்குக்கூட இறங்கி வரவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பது தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. உமணரின் உப்பு வண்டியில் கைக்குழந்தையோடு எருதை ஓட்டிப்போகும் பெண்ணைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கழுதையிலும் மாட்டிலும் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக் குடும்பத்தோடு அலைந்தவர்கள் குறவர்கள். ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் அந்தப் பிழைப்பைத் தின்றன. பிழைப்பை இழந்து அலைந்தவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக்கி, 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவு, கைரேகை, கட்டாயக் குடியேற்றம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம். இங்கிலாந்தில் மசோதாவாக நின்று போனது இங்கே சட்டமாகவே நடந்தது. சென்னையில் அது ஒழிந்தது 1947-இல்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெற்றோர் விரும்பிய வாழ்க்கைக்காகப் பிள்ளை ஏன் எழுத்தறியாமல் போக வேண்டும்? படகுப் பிள்ளைகள் உழைத்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாததால் வேறு வேலைக்குப் போக முடியாமல் மறுபடி படகையே நம்பினார்கள். இதற்கு நாடோடி வாழ்க்கையின் அழகைப் பேசிப் பதில் சொல்ல முடியாது. பெற்றோருக்குப் பிள்ளையின் எதிர்காலத்தை அடைக்க உரிமை இல்லை. ஆனால் கல்வி உரிமையைப் பிள்ளைக்கு வாங்கித் தர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பள்ளியைப் பாதையோரம் கொண்டு போவது. 1930-இல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில் பழைய சரக்குப் படகு ஒன்றையே வகுப்பறையாக்கிக் கட்டி வைத்தார்கள்; படகுகள் சரக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். இன்னொன்று, பிள்ளையைப் பாதையிலிருந்து இறக்கிவிடுவது. 1950-களில் பர்மிங்காமில் படகுப் பிள்ளைகளுக்கென விடுதி நடந்தது. விடுதியில் பிள்ளை தொடர்ந்து படித்தது உண்மை. படகுப் பள்ளியில் படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. ஆனால் அங்கே படிக்கப் பிள்ளை தன் குடும்பத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட பள்ளிகள் பாதை நெடுக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே வரவில்லை. வழக்கம் பரவுவதற்குள் லாரி வந்து கால்வாய்ச் சரக்கையே முடித்துவிட்டது.

மோட்டார் வந்தபின் குதிரை போனது. சட்டத்தின் கேள்வி மாறவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் இல்லாத கேரவன் நிறுத்தங்களை மூடியது. 1967-இல், தொடக்கக் கல்வியை ஆராய்ந்த பிளவுடன் குழு, நாட்டிலேயே மிகவும் வஞ்சிக்கப்பட்ட குழந்தைகள் ஜிப்ஸிக் குழந்தைகளாக இருக்கலாம் என்றது. மறு ஆண்டு, நிறுத்துமிடம் தருவது உள்ளாட்சிகளின் கடமை என்று சட்டம் வந்தது. பல உள்ளாட்சிகள் தட்டிக் கழித்தன. 1977-இல் லண்டனின் குராய்டன் நிர்வாகம், அனுமதியில்லாத இடத்தில் நின்ற வண்டியில் வாழ்கிறாள் என்பதற்காக ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தது. நூறாண்டுகளாகப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று குற்றம் சாட்டிய அரசியந்திரம், அனுப்பியபோது முகவரி எங்கே என்று கேட்டது. தங்கும் காலம் எவ்வளவு குறைவானாலும் தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளை எல்லாம் தன் பொறுப்பே என்று 1981-இல் அரசு சுற்றறிக்கை விட்டுத் தெளிவாக்க வேண்டியிருந்தது. 1994-இல் நிறுத்துமிடம் தரும் கடமையையே நாடாளுமன்றம் ரத்து செய்தது.

இன்று பிரிட்டனில் வீட்டை விற்றுவிட்டு மோட்டார் கேரவனில் பிள்ளைகளோடு குடியேறும் நடுத்தரக் குடும்பங்களும் உண்டு. பள்ளியிலோ வேறு வழியிலோ கல்வி தந்தால் போதும் என்று இங்கிலாந்துச் சட்டம் அனுமதிப்பதால், அவர்கள் வண்டிக்குள்ளேயே பாடம் நடத்தலாம். அந்த அனுமதி ஜிப்ஸிகளுக்கும் உண்டு. வேறுபடுவது வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான்: பணம் இருந்தால் முகாம் தளங்கள் இருக்கின்றன, அது இல்லாதவர்களுக்கு அடுத்தவர் நிலம். 2022-இல் வந்த காவல் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு நிலத்தில் வண்டியில் தங்கி, குறிப்பிடத்தக்க சேதமோ தொந்தரவோ விளைவித்து, போகச் சொல்லியும் போகாதவருக்கு 3 மாதச் சிறையோ 2,500 பவுண்டு அபராதமோ விதிக்கலாம்; குடும்பம் வாழும் வண்டியையே காவலர் பறிமுதல் செய்யலாம். வெளியேற்றப்பட்டவர் அந்த இடத்துக்குத் திரும்பக் கூடாத காலத்தை 3 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டிய பகுதிகள் மனித உரிமைக்கு முரணானவை என்று 2024 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அறிவித்தது. பறிமுதல் அதிகாரம் அப்படியே இருக்கிறது.