பவானி ஜமுக்காளம்: உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும்

கைத்தறி என்றாலே நமக்குச் சேலைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். காஞ்சிபுரம், சின்னாளப்பட்டி, கூறைநாடு என்று ஊர்ப்பெயரோடு பட்டியல் நீளும். உடுத்துற துணியில் ஒரு வீட்டின் வசதி தெரியும். ஊர் எப்படி இருந்தது என்று தெரிய, விரிக்கிற துணியைப் பார்க்கணும். அதற்காகத்தான் பவானி ஜமுக்காளத்தைப் பற்றி இந்தக் குறிப்பு.

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடுகிற இடத்தில் இருக்கிறது பவானி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத்துணி வந்து குவிந்ததும் கைத்தறித் துணிக்குப் பிழைப்பு கஷ்டமானது. அப்போது இங்கிருந்த ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தார் முரட்டுப் பருத்தி நூலில், பட்டை பட்டையாக வண்ணம் வரும்படி விரிப்பு நெய்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அது நன்றாக விற்கவே, சேலை நெய்த தறிகளும் ஜமுக்காளத்துக்கு மாறின. முரட்டு நூலில் நுணுக்கமான கரை வேலைப்பாடு வராது. அதனால் செயற்கைப் பட்டு நூலில் பூக்கரை வைத்த இன்னொரு வகையும் பிறகு வந்தது.

கொங்கு நாட்டுக் கிராமத்தில் இது இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. பெண் பார்க்க வந்தாலும், சீர் நடந்தாலும், எழவு விழுந்தாலும், ஊர்க்கூட்டம் போட்டாலும், முதலில் "ஜமுக்காளத்தை எடுத்துப் போடு" என்பார்கள். ஒரு வீட்டில் இருப்பது பத்தாது. நாலு வீட்டில் இரவல் வாங்குவார்கள். திருப்பித் தரும்போது மாறிவிடக்கூடாது என்று எங்க அம்மாயி, அப்பிச்சி பெயரின் முதலெழுத்தை ஓரத்தில் நூலால் தைத்து வைத்திருந்தார்.

இதுவரை படித்தால், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம் என்று தோன்றும். ஆனால் எல்லோரும் உட்காரவில்லை. அப்பிச்சி வீட்டில் ஜமுக்காளம் திண்ணையில் விரிந்திருக்கும். பண்ணையத்தில் வேலை செய்தவர்கள் வாசலில் நின்றபடியேதான் பேசுவார்கள். சின்னப் பையனாக நான் அதில் புரண்டு விளையாடியிருக்கிறேன். அவங்க ஏன் உட்காரலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வாடகைக்கு எடுத்தால் நூறு பேரை உட்கார வைக்கலாம், துவைக்கிற வேலை கிடையாது. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமுக்காளம் கைத்தறிக்கே உரியது, விசைத்தறியில் நெய்யக்கூடாது. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் போலியைத் தடுக்க உதவும். தரையில் உட்காருகிற பழக்கமே போனால், சட்டம் என்ன செய்யும்? அடி அவ்வளவும் நெசவாளி தலையில்தான் விழுகிறது.

சரி, நாற்காலியாவது எல்லோருக்கும் பொதுவானதா? 2020-இல் கடலூர் மாவட்டத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அன்று ஜமுக்காளத்துக்கு வெளியே நிற்க வைத்த அதே கைதான், இன்று நாற்காலியைத் தள்ளி வைத்தது.

ஜமுக்காளம் நெய்பவர்களின் தொழில் பிழைக்கணும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அடுத்த முறை அதை விரிக்கும்போது, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு நாம் உட்காருவோம்.