குப்பை யார் தலையில், வரி யார் கையில்?

நிலம் பற்றிப் பேசினால் நம் கூட்டங்களில் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். குப்பைமேடு பற்றிப் பேசினால் கோபம் வருகிறது. வரி என்று ஆரம்பித்தால் மட்டும் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவர்கள்தாம்.

அண்ணல் அம்பேத்கர் அப்படிக் கிளம்பவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருளே மாகாண நிதிதான். அந்த ஆய்வு 1925இல் நூலாக வெளிவந்தது. 1871இல் மாகாணங்களுக்கு மேலிருந்து ஒரு தொகையை ஒதுக்கினார்கள். 1877இல் சில வருவாய்களை ஒப்படைத்தார்கள். 1882 முதல் வருவாயைப் பங்கு போட்டார்கள். இந்த மூன்று கட்டங்களையும் கணக்கோடு அடுக்கிக் காட்டுகிறார். வரி போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வைத்தே ஆட்சி யாருடையது என்று சொல்லிவிடலாம். அந்த நூலிலிருந்து நாங்கள் கற்ற பாடம் இதுதான்.

பிரிட்டிஷார் இங்கே மாகாணங்களோடு நடத்திய இந்த இழுபறி, அவர்களுடைய நாட்டுக்குள்ளேயே 21ஆம் நூற்றாண்டு வரை தீரவில்லை. வேல்ஸ் அதற்கு நல்ல சாட்சி.

1966 அக்டோபர் 21. வேல்ஸில் அபர்வான் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமம். சுரங்கக் கழிவை மலைச்சரிவில் கொட்டிக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். அன்று காலை அந்தக் கழிவுமேடு சரிந்து, கீழே இருந்த தொடக்கப்பள்ளியை மூடியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள், மொத்தம் 144 பேர் இறந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றம் 1963இலேயே கடிதம் எழுதியிருந்தது. யாரும் கேட்கவில்லை. விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே பழியைச் சுமத்தியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் மறக்கக் கூடாதது. ஊருக்கு மேலே இன்னும் கழிவுமேடுகள் நின்றன. அவற்றை அகற்றும் செலவு யாருடையது? வாரியமும் அரசும் முழுச் செலவையும் ஏற்க மறுத்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காகப் பொதுமக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். கொட்டியவன் தப்பினான், புதைந்தவன் கட்டினான். அந்தப் பணம் 1997இல்தான் திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். மக்கள் வாக்கெடுப்பின் வழியாக வேல்ஸுக்குத் தனி அவை வந்த பிறகு, 2007இல் அந்த அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

குப்பைக்கு வரி வந்தது 1996 அக்டோபர் 1 அன்று. நிலத்தில் புதைக்கும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் 7 பவுண்டு, மண், கல் போன்றவற்றுக்கு 2 பவுண்டு என்று லண்டன் விதித்தது. சொத்து வாங்குவோர் கட்டும் முத்திரைத் தீர்வையோ 1694இலிருந்தே இருந்தது, பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் திரட்ட வந்த வரி அது. இரண்டின் வருவாயும் லண்டனுக்கே போனது.

முதலில் மாற்றியது ஸ்காட்லாந்து. 2012ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட, 2015 ஏப்ரல் 1 முதல் சொத்துக் கொள்முதல் வரியும் குப்பைக்கிடங்கு வரியும் ஸ்காட்லாந்து அரசின் கைக்கு வந்தன. பழைய தீர்வையில் வீட்டின் விலை ஒரு வரம்பைத் தாண்டினால் முழு விலைக்கும் கூடுதல் விகிதம். புதிய வரியில் தாண்டிய பகுதிக்கு மட்டும். 1,45,000 பவுண்டு வரை வரியே இல்லை, உச்சத்தில் 12 விழுக்காடு. இது நடைமுறைக்கு வரும் முன்பே, 2014 டிசம்பரில் லண்டனும் தன் முறையை இதே வழியில் மாற்றிக்கொண்டது.

வேல்ஸுக்கு 2018 ஏப்ரல் 1 அன்று இரண்டு வரிகளும் வந்தன. ஏறத்தாழ 800 ஆண்டுகளில் தங்களுக்கென்று வந்த முதல் வரிகள் என்று அந்த அரசு பெருமைப்பட்டது. அந்த முதல் ஆண்டில் அனுமதி பெற்ற கிடங்கில் கொட்டினால் டன்னுக்கு 88.95 பவுண்டாக இருந்தது. திருட்டுத்தனமாகக் கொட்டினால் 133.45 பவுண்டாக இருந்தது. இந்த வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு திட்டமும் தொடங்கினார்கள்: குப்பைக்கிடங்கிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் வாழும் மக்களின் ஊர்ப்பணிகளுக்கு நிதி.

அபர்வானிலிருந்து இந்த வரிக்கு நேர்கோடு போட முடியாது. அங்கே சரிந்தது சுரங்கக் கழிவு, இங்கே வரி வீட்டுக் குப்பைக்கும் ஆலைக் குப்பைக்கும். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளில் கேள்வி தலைகீழாகிவிட்டது. அன்று கழிவின் கீழே வாழ்ந்தவர்களிடம் பணம் பிடுங்கினார்கள். இன்று கொட்டுபவனிடம் வாங்கி, பக்கத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு பங்காவது தருகிறார்கள்.

இதைச் சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரி ஏறியதும் புதைப்பது குறைந்தது, எரிஉலைகள் பெருகின. உலைப் புகை யார் வீட்டுப் பக்கம் போகிறது என்பது அடுத்த சண்டை. இன்னொரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. அபர்வான் மக்கள் ஏழைத் தொழிலாளர்கள். கழிவு அவர்கள் ஊருக்கு மேலே நின்றது, அவர்கள் பிறப்பின் மேல் ஏற்றப்படவில்லை. நம் நாட்டில் குப்பைமேட்டுக்குச் சேரிப் பக்கம் இடம் தேடுகிறார்கள், அதை அள்ளுவதற்கும் சேரியிலிருந்தே ஆள் தேடுகிறார்கள். எந்த வரியும் தனியாக இதை ஒழிக்காது.

ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. சொத்துப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 63ஆம் இனமாக உள்ளது. தமிழ்நாட்டில் சொத்து விற்பனையின்போது வசூலிக்கும் மிகுவரி உள்ளாட்சிகளுக்கானது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகச் சென்னையின் குப்பை குவிந்தது. நகரில் மனை விலை ஏற ஏற, தீர்வை வருவாயும் ஏறியது. அதில் எவ்வளவு குப்பைமேட்டின் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி வந்தது?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊராட்சியின் அல்லது நகராட்சியின் வரவுசெலவுக் கணக்கை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மிகுவரிப் பங்கு எவ்வளவு வந்தது, எந்தத் தெருவுக்குச் செலவானது, குப்பைக்கிடங்கிலிருந்து அந்தத் தெரு எவ்வளவு தூரம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். அடுத்த கிராமசபையில், வார்டு கூட்டத்தில் அந்தத் தாளோடு எழுந்து நில்லுங்கள்.

அடுத்த முறை வரி என்று பேச்சு எடுக்கும்போது டீயை உட்கார்ந்த இடத்துக்கே வரவழைத்துக்கொள்வோம். ஜெய்பீம்.