202-ஆம் விதிக்கு ஓர் உரை

ஒரு பொருள் நன்னீர் உயிர்களுக்கு நஞ்சா என்று அறிய ஆய்வகங்கள் கைக்கொள்வது ஓஇசிடி அமைப்பின் 202-ஆம் சோதனை விதி. இப்போதைய வடிவம் 2004-இல் வந்தது. நானோ உலோகத் துகள்களையும் இதை வைத்தே சோதிக்கிறார்கள். முக்கியமான சில பகுதிகளின் சாரத்தை என் சொற்களில் தந்து உரை சொல்கிறேன்.

பிறந்து 24 மணி நேரம் ஆகாத டாப்னியாக் குஞ்சுகளை எடுத்துக்கொள்க.

டாப்னியா, வண்ணமீன் வளர்ப்போர் உயிர்த்தீனியாகப் போடும் சிறு ஓட்டுடலி. குஞ்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒளி ஊடுருவும் உடல் என்பதால் இதயத் துடிப்பும் குடலில் கிடப்பதும் நுண்ணோக்கியில் தெரியும்.

சோதனை முடியும்வரை உணவிடலாகாது.

உணவாக இடும் பாசியில் நஞ்சு ஒட்டினால் அளவு குழம்பும் என்பது காரணம். கரைந்த உப்புக்கு இது சரி, துகளுக்குச் சரியில்லை. டாப்னியா நீரை வடிகட்டி உண்பது. சிக்கிய துகளும் இரையோடு உள்ளே போய்க் குடலில் கருங்கோடாக அடைந்து நிற்கும். பாசி கிடைத்தால் புது இரை அதைத் தள்ளிவிடும். பட்டினி கிடந்தால் தங்கிவிடும்.

கலத்தை மெல்ல அசைத்தபின் 15 விநாடிக்குள் நீந்தாதவை செயலிழந்தவை.

இங்கேதான் நின்று படிக்க வேண்டும். நன்னீரில் வாழும் டாப்னியாவின் உடலிலிருந்து சோடியம் ஓயாமல் கசியும். கால்களை ஒட்டிய செவுள்களில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அதை ஈடுகட்டுகிறது. நானோ வெள்ளி ஆக்சிஜன் பட்டுக் கரையும்போது வெளிவரும் அயனிகள் அந்தப் பம்பையே முடக்கும். அவை தூண்டும் ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தணிக்கக் குளூட்டாதயோன் செலவாகும். உலோகத்தைப் பிணைத்துவைக்க மெட்டலோதயோனின் வேண்டும். இவற்றுக்கான ஆற்றல், வளர்ச்சிக்கும் முட்டைக்கும் சேர வேண்டிய பங்கிலிருந்தே போகும். அப்போதும் விலங்கு நீந்திக்கொண்டிருக்கலாம். விதி அதைப் பாதிப்பில்லாதவற்றோடு சேர்த்து எண்ணுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

48 மணி நேரத்தில் முடிக்க.

2011-இல் வெளியான ஆய்வொன்றில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் நானோ டைட்டானியம் டைஆக்சைடு கலந்த நீரில் டாப்னியாக்களை விட்டார்கள். துகள் மேலோட்டில் படிந்தது. முதல் தோலுரிப்பில் எல்லாமே தப்பின. மீண்டும் படிந்தது. 96 மணி நேரத்துக்குள் 90 விழுக்காடு, அடுத்த தோலை உரிக்க முடியாமல் மாண்டன. 48 மணியில் கடையைக் கட்டியிருந்தால் இது தெரிந்தே இராது.

அதே அமைப்பின் 211-ஆம் விதி டாப்னியாவுக்கு 21 நாள் உணவிட்டு, பிறக்கும் குஞ்சுகளை எண்ணுகிறது. நானோ துகள்களுக்கு அதையே முதல் சோதனையாக்க வேண்டும். ஆற்றல் செலவை அறிய, விலங்கு உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் உடன் அளக்க வேண்டும்.